தாயின் உழைப்பும் சட்டத்தின் கணக்கும்

‘வேலை செய்ய மனதில்லாதவன் உண்ணலாகாது’ என்னும் பொருள்பட அமைந்த 2 தெசலோனிக்கேயர் 3:10, ஏழையரைப் பற்றிய வாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் வசனமாகும். 2013இல் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்றிலும், உணவு உதவியைக் குறைப்பதற்கு ஆதரவாக ஓர் உறுப்பினர் இதனை எடுத்துரைத்தார். ஷாரன் ஹேய்ஸ் என்னும் சமூகவியலறிஞரின் ‘ஃப்ளாட் புரோக் வித் சில்ட்ரன்’ (2003) என்னும் நூல் இவ்வசனத்தை மீண்டும் ஆராயத் தூண்டுகிறது.

தனித்துப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழைத் தாய்மாருக்கு 1935 முதல் அந்நாட்டில் உதவித்தொகை இருந்தது. (கறுப்பினத் தாய்மார் பலர் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டது தனிக்கதை.) 1996இல் கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டம் இதனை மாற்றியது. கூட்டரசு நிதியிலிருந்து வாழ்நாளில் 60 மாதங்களே உதவி. வாரத்திற்கு 30 மணி நேரம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பின் 20 மணி நேரம், தாய் வேலையிலோ அதனைச் சார்ந்த முயற்சியிலோ ஈடுபட வேண்டும்.

இச்சட்டம் வேலையையும் குடும்பத்தையும் ஒருங்கே போற்றித் தனக்குள்ளேயே முரண்படுவதை, உதவி அலுவலகங்களில் நேரிற் கண்டு ஹேய்ஸ் விளக்குகிறார். நூலின் சிறந்த பகுதி இதுவே. ஆயினும் அவ்விரு நோக்கங்களும் ஒன்றுபடும் இடத்தை அவர் போதிய அளவு அழுத்தவில்லை என்பது என் கருத்து. ஒன்று தாயை முதலாளியிடம் அனுப்புகிறது. மற்றது கணவனிடம் அனுப்புகிறது. அவள் வீட்டில் செய்வதை உழைப்பென இரண்டுமே எண்ணவில்லை. சமூகப் பணிக்குச் செல்லும் வேறொருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் சட்டத்தின் கணக்கில் அது வேலை. தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாலோ அன்று!

நிருபம் கூறுவதென்ன? கண்டிக்கப்படுபவன் வேலை செய்ய விரும்பாதவன். வேலை கிடைக்காதவனோ, கைக்குழந்தையை விட்டுச் செல்ல இயலாதவளோ அல்லர். மேலும், அதே அதிகாரத்தின் 8ஆம் வசனத்தில் இரவும் பகலும் பட்ட பாட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களிரண்டும் 1 தெசலோனிக்கேயர் 2:9இலும் இணைந்தே வருகின்றன. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னர், பவுல் தம் ஊழியத்தைத் தன் மக்களைப் பேணி வளர்க்கும் தாய்க்கு ஒப்பிடுகிறார். இரண்டாம் நிருபத்தை எழுதியவர் பவுலா என்னும் விவாதம் ஈண்டு நமக்குத் தடையன்று. எழுதியவர் எவராயினும் முதல் நிருபத்தின் சொற்களையே கையாளுகிறார். இவ்விரு பகுதிகளையும் ஒரே பிரசங்கத்தில் இணைத்து விளக்கிய ஆயரை நான் இதுவரை கேட்டதில்லை.