தேங்காயும் நாலு கம்பியும்

கம்பம் பள்ளத்தாக்கில் போர் போடுவதற்கு முன்னால் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருவார். தேங்காய் எழுந்து நின்றால் கீழே தண்ணீராம். (நின்ற இடத்தில் வெறும் புழுதி பறந்த கதைகளும் உண்டு.) நம்பிக்கை போனவர்கள் மீட்டர்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் தரையில் நாலு கம்பி நட்டு, கரண்ட் பாய்ச்சி, மண் எவ்வளவு தடுக்கிறது என்று கணக்குப் பார்ப்பார். ஈரமண் சுலபமாக விடும், பாறை மறிக்கும்.

இதே வித்தையைத்தான் 1946-ல் இங்கிலாந்தில் டார்செஸ்டர் என்ற ஊரில் ரிச்சர்ட் அட்கின்சன் தொல்பொருள் தேடப் பயன்படுத்தினார். கம்பிகளை விலக்கி நட்டால் ஆழத்து நீர் தெரியும். நெருக்கி நட்டால் நாலைந்து அடியில் புதைந்திருக்கும் கல்லறையின் பலகைக்கல் தட்டுப்படும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நம் வைகைக்கு வருவோம். 2013-14-ல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் மத்தியத் தொல்லியல் துறைக் குழு, வருசநாட்டு மலையிலிருந்து கடற்கரை வரை ஆற்றோடு போய் 293 இடங்களைக் குறித்துக்கொண்டது. அதில் ஒன்று கீழடி. 2019-ல் மாநிலத் தொல்லியல் துறையின் ஐந்தாம் கட்ட அகழாய்வுக்காக ரேடார், காந்தமானி, ட்ரோன் எல்லாம் அங்கே வந்து இறங்கின. உடனே 'பூமிக்கடியில் நகரம் தெரிந்தது' ரேஞ்சுக்குப் பேச ஆரம்பித்துவிட்டோம். கருவி காட்டுவது 'இங்கே ஏதோ வித்தியாசமாக இருக்கிறது' என்பதை மட்டும்தான். சுவரா, வெறும் பாறையா என்று கடப்பாரைதான் சொல்ல வேண்டும்.

என் புகார் வேறு. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ் பிராமி எழுத்து. நமக்குத் தெரிந்த நடுகற்களிலேயே மிகப் பழையவை. ஒன்றில் கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் செத்தவன் பெயர் இருக்கிறது. கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர்தான் அது என்கிறார்கள். கல் கிடைத்தது, அது முதலில் யார் குழிமேல் நின்றது என்பது போய்விட்டது. ஜே.சி.பி. வைத்து நிலத்தைச் சமன்படுத்தும் ஒவ்வொரு நாளும் இப்படி எத்தனை போகிறதோ!

ரேடார் எல்லா இடத்துக்கும் சரிப்படாது. கம்பத்து நெல் வயலின் ஈரக் களிமண் அலையை அப்படியே குடித்துவிடும். ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கோ, கோடிக்கணக்கில் கருவியே வேண்டாம். நாலு கம்பி போதும். மீட்டர்காரர் எப்படியும் அந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறார். தொல்லியல்காரர் ஒருவர் கூடவே போய், கம்பியைக் கொஞ்சம் நெருக்கி நடச் சொன்னால் என்ன?