தீட்டாமல் விட்ட ஆறு

ரோமுக்கு வடமேற்கே மோன்தே மாரியோ என்றொரு குன்று. அதன் மேலிருந்து தெற்கு நோக்கி டைபர் ஆற்றை ஓவியர் க்ளோட் லொரேன் வரைந்த சின்னத் தாள் ஒன்று இருக்கிறது. 1640ஐ ஒட்டிய வேலை. தூரிகை, பழுப்பு மை, தண்ணீர், இவ்வளவுதான் முதல்.

ஆற்றை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். அதன் மேல் மை ஏறவே இல்லை. இரு கரையையும் இருட்டாக்கிவிட்டு நடுவில் தாளைச் சும்மா விட்டிருக்கிறார். அந்த வெறுந்தாள்தான் வெளிச்சம் பட்டுத் தகதகக்கும் தண்ணீர். அருகே மரக்கூட்டம் அத்தனை கருத்திருப்பதால்தான் ஆறு இப்படிக் கண் கூச வைக்கிறது. மரம் என்று நாம்தான் சொல்கிறோம். கிளையோ இலையோ தனியாக ஒன்றுகூட இல்லை. ஈரம் காய்வதற்குள் அடுத்த பூச்சு விழுந்து, ஓரங்கள் கசிந்து, மரமும் அதன் நிழலும் ஒன்றாகிவிட்டன. தொலைவு கூடக் கூட மையில் தண்ணீரும் கூடுகிறது. எட்டத்து மேடுகள் ஊதினால் கலைந்துவிடும் போல நிற்கின்றன.

எண்ணெய் வண்ணமென்றால் இருட்டின் மேல் பிறகு வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளலாம். நீர்த்த மையில் அது நடக்காது. எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று முதல் பூச்சுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்த கை எவ்வளவு வேகமாகப் போயிருக்கிறது, பாருங்கள்!

க்ளோட் விடியும் முன்பே வெளியில் போய் இருட்டும் வரை அங்கேயே கிடந்து, காலையும் அந்தியும் நிறம் மாறுவதைக் கவனிப்பார் என்று அவருடைய நண்பர், ஓவியர் சாண்ட்ரார்ட் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தின் பலன் இந்தத் தாள். க்ளோடின் பெரிய ஓவியங்களில் மேய்ப்பர்கள், புராண மாந்தர்கள், தூண்கள் நிற்கும் கோயில்கள் எல்லாம் உண்டு. அழகானவைதான். ஆனால் இங்கே கதை சொல்ல ஒருவரும் இல்லை. பொழுதின் மனநிலையை வெளிச்சமே சொல்லிவிடுகிறது. அவர் கைப்பட்டவற்றில் எனக்கு இதுதான் முதலிடம்.

தாள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் இத்தகைய தாள் ஓவியங்களை எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. அங்கே போகிறவர்கள் தாள் ஓவியப் பிரிவின் படிப்பறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.