எல்லோருக்கும் பாடம், சிலருக்கு அடுப்பு

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘ஊட்டச்சத்து மற்றும் ஆரோக்கியம்’ என்றொரு பாடம் இருக்கிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்புகள் என்று தொடங்கி, குறைபாட்டு நோய்கள், உணவைப் பாதுகாக்கும் முறைகள், கலப்படம், தர முத்திரைகள் என்று போகும். சென்னையை அடுத்த திருமழிசையில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும், ஆணோ பெண்ணோ, இதைப் படித்துத்தான் வர வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் மனையியல், ஊட்டச்சத்தியல் என்று தனிப் பாடங்கள் உண்டு. எடுப்பவர்கள் கொஞ்சம் பேர். முதலாவதில் எல்லோரும் இருக்கிறார்கள், அடுப்பு இல்லை. இரண்டாவதில் அடுப்பு இருக்கிறது, எல்லோரும் இல்லை. பள்ளியில் உணவுக் கல்வி படும் பாடு இந்தப் பிரிவினையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தின் பலம் அதன் பரப்பு. பதினான்கு வயதில், இன்னும் யாரும் எந்த குரூப்பிலும் சேராதபோது, உணவு ஓர் அறிவியல் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறது. பலவீனம், சொன்னதோடு நின்றுவிடுவது. ‘வைட்டமின் பி1 – பெரிபெரி’ என்ற இணையை எடுத்துக்கொள்வோம். மாணவர் அதைப் பொருத்துக வினாவுக்காக மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்குகிறார். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது நம் மண்ணின் கதை. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தில் அந்த நோய் வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் மிகுதி. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்டார்கள். புழுங்கல் அரிசி உண்ட பகுதிகளில் அது அரிது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது மேல்தோலில் உள்ள தயமின், அதாவது வைட்டமின் பி1, மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. குன்னூரில் தொடங்கிய அந்தச் சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இதை ஒரு வகுப்பு நேரத்தில் செய்தே காட்டலாம். கைக்குத்தல் அரிசி, பச்சரிசி, புழுங்கல் அரிசி மூன்றிலும் ஒரு கைப்பிடி. எதில் தவிட்டின் நிறம் மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது. நாலு முறை களைந்து கொட்டும் தண்ணீரோடும் வடித்துக் கொட்டும் கஞ்சியோடும் எது போகிறது என்று பேசுவது. நெருப்புகூட வேண்டாம். இப்படிப் படித்த பையன் வீட்டில் சோறு வடிப்பதைப் பார்க்கும் பார்வை மாறும். அட்டவணையாகப் படித்தவனுக்கு பெரிபெரி எங்கோ யாருக்கோ வந்த நோயாகவே இருக்கும்.

மனையியலைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் இளப்பமான எண்ணம் எனக்கு வருத்தம் தருவது. ‘மார்க் இல்லாத பொண்ணுங்க எடுக்குற குரூப்பு’ என்று எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். கருவுற்ற தாய்க்கும் வளரிளம் பெண்ணுக்கும் சர்க்கரை நோயாளிக்கும் ஒரு நாள் உணவைத் திட்டமிட்டு, அளந்து, கலோரியும் புரதமும் கணக்கிட்டு, சமைத்துக் காட்டுவது இந்தத் துறையின் அடிப்படைப் பயிற்சி. வேதியியலும் உடலியலும் குடும்ப வரவு செலவும் ஒரே மேசைக்கு வரும் பாடம் பள்ளியில் வேறு எது? 1957இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியபோது, பெண்களுக்கு அறிவியலின் கதவைத் திறக்கும் வழியாகவே அது எண்ணப்பட்டது. அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ் அமெரிக்காவில் ஊட்டச்சத்தில் முனைவர் பட்டம் பெற்று வந்தவர். இன்றைக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் போன்ற பணிகளுக்கு இந்தப் படிப்பு வழிவிடுகிறது.

ஆனால் அந்தக் கதவு பெண்களுக்கு மட்டும் என்றே நின்றுவிட்டது. சமையல் தெரியாத ஆண், பசித்தால் அம்மாவையோ மனைவியையோ கடையையோ நம்பியிருக்கிறான்; அவனுக்குத்தான் இந்தப் பாடம் முதலில் வேண்டும். ஜப்பான் 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலையிலும் மனையியலை ஆண், பெண் இருவருக்கும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் தொடக்க உயர்நிலையில் எல்லா மாணவர்களும் உணவு, நுகர்வோர் கல்வி படிக்கிறார்கள். அங்குள்ள தமிழ்ப் பையன்களும் கரண்டி பிடிக்கிறார்கள்.

இன்னொரு குறை, பாடம் எண்ணிக்கொள்ளும் வீடு. மூன்று வேளையும் யாரோ சமைக்கும் வீடு அது. திருமழிசையில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது; பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட் என்று ஓடும் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு பல நாள் பரோட்டாக் கடையிலிருந்தோ டிபன் சென்டரிலிருந்தோ வரும். ‘கடை உணவைத் தவிர்’ என்று எழுதிப் போட்டால் அந்தப் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அதே காசில் ஒரு பரோட்டாவைக் குறைத்து அவித்த முட்டையோ சுண்டலோ வாங்கினால் தட்டில் என்ன மாறுகிறது என்று கணக்குப் போடக் கற்றுத்தருவதுதான் கல்வி. பாக்கெட் உணவும் அப்படியே. உறையில் சோடியம் 900 மில்லிகிராம் என்றிருந்தால் அதை இரண்டரையால் பெருக்க வேண்டும்: இரண்டே கால் கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பதே பரிந்துரை. ஒரே பாக்கெட்டில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அதை ஒரு நாடாவைக் கொண்டு அளந்து பார்ப்பதும் நல்ல செய்முறைதான்.

இரத்தசோகையில் பாடத்துக்கும் வாழ்க்கைக்குமான இடைவெளி இன்னும் கொடியது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பாடமோ ‘இரும்புச்சத்து – கீரை’ என்கிறது. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் உடல் இரும்பை ஏற்பது குறையும், எலுமிச்சை பிழிந்தால் கூடும் என்பதை மாத்திரை கொடுக்கும் அன்றே வகுப்பில் சொன்னால் என்ன? மாத்திரை சுகாதாரத் துறையின் வேலை, பாடம் ஆசிரியரின் வேலை என்று இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே போகின்றன.

ஆய்வகம் எங்கே, கேஸ் எங்கே, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் கேட்பது நியாயமே. யார் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பது வகுப்பறையில் சாதியைக் கிளறும் அபாயமும் உண்மை. பக்குவமில்லாத ஆசிரியர் கையில் உணவுப் பாடம் பிள்ளைகளைக் காயப்படுத்தும். ஆனால் மதிய உணவு தரும் அரசுப் பள்ளிகள் பலவற்றில் அடுப்பு ஏற்கெனவே எரிகிறது. சத்துணவுக் கூடத்தில் அளவு இருக்கிறது, தராசு இருக்கிறது, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் ஒரே சாப்பாடு இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, மொத்தம் 700 கலோரி, 20 கிராம் புரதம் என்பது மதிய உணவுக்கான தேசிய அளவு. 150 கிராம் அரிசியில் ஏறக்குறைய 11 கிராம் புரதம், பருப்பில் ஆறேழு கிராம். முட்டை வரும் நாளில் இன்னும் ஆறு கிராம் கூடி இலக்கைத் தாண்டுகிறது. அந்த முட்டை ஏன் தட்டுக்கு வந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தச் சாப்பாடு பத்தாம் வகுப்போடு நின்றுபோகிறது. அதற்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

ஊரும் பாடம்தான். 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை கொரோனாவால் மூடப்பட்டு, செப்டம்பர் வரை திருமழிசைக்கு வந்தது. சென்னை முழுவதற்கும் காய்கறி இங்கிருந்து போயிற்று. மழையில் இடம் சேறாகி மூட்டைகள் அழுகியதை ஊரார் பார்த்தார்கள். விளைந்த காய் தட்டுக்கு வருமுன் எவ்வளவு வீணாகிறது என்பதை இதைவிட அருகே எந்தப் புத்தகம் காட்டும்? அதைக் கண்ட பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களைக் கேட்டு எழுதலாம்.

மனையியலைத் தனிப் பாடமாக வைத்திருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு அது வேண்டும், பையன்களும் கூச்சமின்றிச் சேர வேண்டும். அவசரமான மாற்றம் அதற்குக் கீழ் வகுப்பில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு சோதனை உணவுக்கென்று இருக்கட்டும்: ஒரு நாள் சாப்பிட்டதை எடை போட்டு எழுதி, புரதமும் உப்பும் கணக்கிட்டு, கையிலிருக்கும் காசுக்குள் எதை மாற்றலாம் என்று மாணவர் சொல்ல வேண்டும்.