யாரும் பார்க்கவில்லை என்கிற கணக்கு

'ஸ்டார் ட்ரெக்' தொடரை இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், பியோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் தம்பதி அமெரிக்கா முழுவதுமுள்ள அறிவியல் புனைகதை ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுதவைத்தார்கள். கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச்சில் ஒரு பகுதி முடிந்த கையோடு, தொடர் நீடிக்கும் என்று என்.பி.சி. திரையிலேயே அறிவித்தது. ரசிகர்கள் வென்ற கதையாக இது இன்றும் சொல்லப்படுகிறது. பின்பாதியைச் சொல்பவர்கள் குறைவு. மூன்றாம் ஆண்டில் தொடருக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. அதை விரும்பிப் பார்த்த இளைஞர்கள் வீடு தங்காத நேரம். செலவுக்கான தொகையையும் குறைத்தார்கள். 1969-இல், 79 பகுதிகளோடு கதை முடிந்தது. காரணம் கேட்டால், பார்க்க ஆளில்லை.

அமெரிக்காவில் பாதியில் நின்ற புதுமைத் தொடர்களின் வரலாறு முழுக்க இந்தக் காரணம்தான் சொல்லப்படுகிறது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்க்க ஆளில்லாமல் போனதில் நேரம் ஒதுக்கியவர்களின் பங்கு என்ன என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 2002-இல் ஃபாக்ஸ் ஒளிபரப்பிய ஜாஸ் வீடனின் 'ஃபயர்ஃப்ளை' விண்வெளியில் நடக்கும் ஒரு கௌபாய் கதை. அதற்கும் வெள்ளிக்கிழமைதான். பாத்திரங்கள் யார், எதற்காக ஓடுகிறார்கள் என்பதை விளக்கும் இரண்டு மணி நேரத் தொடக்கப் பகுதியை அலைவரிசை ஓரங்கட்டியது; இரண்டாவதாக வரவேண்டியதை முதலில் போட்டது. தொடக்கப் பகுதி டிசம்பரில், தொடர் செத்த பிறகு வந்தது. எடுத்தவை 14, அப்போது ஒளிபரப்பானவை 11. பின்னர் டிவிடி நன்றாக விற்று, 2005-இல் 'செரனிட்டி' என்ற திரைப்படமே வந்தது. வரிசையாகப் பார்க்கக் கிடைத்தபோது ஆள் சேர்ந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது பிரையன் ஃபுல்லரின் 'புஷிங் டெய்ஸீஸ்'. நெட் என்பவன் 'பை' சுட்டு விற்கும் கடைக்காரன். அவன் தொட்டால் செத்தவர் பிழைப்பார்; மறுபடி தொட்டால் நிரந்தரமாகச் சாவார். ஒரு நிமிடத்துக்கு மேல் உயிரோடு விட்டால் அருகில் இன்னொரு உயிர் போகும். சிறுவயதுத் தோழியை அவன் பிழைக்கவைக்கிறான், இனி ஒருபோதும் தொடமுடியாது. காதல் கதைக்கு இதைவிடக் கச்சிதமான தடையை யார் கண்டுபிடித்துவிட முடியும்? துப்பறியும் கதையின் எலும்புக்கூட்டில் மிட்டாய் நிறங்களையும் ஜிம் டேலின் கதைசொல்லும் குரலையும் போர்த்தியிருந்தார்கள். 2007 அக்டோபரில் ஏ.பி.சி.யில் முதல் பகுதியைச் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள்.

அடுத்த மாதமே ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதல் பருவம் ஒன்பது பகுதிகளில் நின்றது. 2008 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்தும், இலையுதிர் காலத்தில் புதிதாகத் தொடங்கலாம் என்று அலைவரிசை காத்திருந்தது. ஏறத்தாழ பத்து மாத இடைவெளி. திரும்பி வந்தபோது பார்வையாளர்களில் பாதிப் பேர்கூட இல்லை. 2008 நவம்பரில் கதவைச் சாத்தினார்கள். கடைசி மூன்று பகுதிகள் அடுத்த ஆண்டு கோடையில் வந்தன. முடிவாக எழுதப்படாத ஒரு பகுதியின் வாலில் அவசர அவசரமாக ஒரு முடிவுரை ஒட்டப்பட்டது. இந்தத் தொடரில் நடித்ததற்காக அந்த ஆண்டு எம்மி விருது வாங்கிய கிறிஸ்டின் செனோவெத், தனக்கு இப்போது வேலையில்லை என்று மேடையிலேயே சொன்னார்.

எல்லாப் பழியையும் அலைவரிசைகள் தலையில் போடுவதும் சரியல்ல. 'ட்வின் பீக்ஸ்' என்ற கொலை மர்மத் தொடர் 1990-இல் சனிக்கிழமைக்குத் தள்ளப்பட்டது உண்மை. கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு கதையே சில வாரங்கள் தடுமாறியதும் உண்மை. அந்த வாரங்களை இப்போது பார்த்தாலும் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. இதற்கு நேர் எதிர் 1982-இல் வந்த 'போலீஸ் ஸ்குவாட்' என்ற நகைச்சுவைத் தொடர். ஆறே பகுதி. அதை ரசிக்க வேண்டுமானால் திரையைக் கவனித்துப் பார்த்தாக வேண்டும் என்பதையே ஏ.பி.சி.யின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் அதன் குறையாகச் சொன்னார். அதே குழு அதே நகைச்சுவையைத் திரையரங்குக்குக் கொண்டுபோய் 'நேக்கட் கன்' என்று மூன்று படங்கள் எடுத்தது.

ரசிகர்களின் கோபத்துக்கும் ஒரு மரபு உண்டு. 2007-இல் சி.பி.எஸ். நிறுத்திய 'ஜெரிக்கோ'வுக்காக, அதன் கடைசி வசனமான 'நட்ஸ்' என்பதைப் பிடித்துக்கொண்டு, சுமார் 20 டன் வேர்க்கடலையை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஏழு பகுதிகள் கூடுதலாகக் கிடைத்தன. மறுபடி நிறுத்தப்பட்டது.

நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை வந்தபோது வெள்ளிக்கிழமை இரவு என்ற தண்டனை ஒழிந்தது. நினைத்த நேரத்தில் பார்க்கலாம். புதுமைக்கு நல்ல காலம் என்றே பலரும் நம்பினோம். ஆனால் கெடு போகவில்லை. வெளியான முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை போனார்கள், செலவு அதற்குத் தகுமா என்பது புதிய கணக்கு. மெதுவாக அவிழும் கதை இதில் முதலிலேயே தோற்கிறது. ஐந்து பருவங்களாகத் திட்டமிடப்பட்ட 'தி ஓஏ' 2019-இல் இரண்டோடு நிறுத்தப்பட்டது. 'டார்க்' எடுத்த பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸவும் பல ஐரோப்பிய மொழிகள் கலந்து உருவாக்கிய '1899', 2022 நவம்பர் 17 அன்று வெளியானது. இனி வராது என்று படைப்பாளிகள் அறிவித்தது 2023 ஜனவரி 2. ஒன்றரை மாதம். எட்டாவது பகுதியின் முடிவில் கதை அப்போதுதான் கண் விழிக்கிறது.

இதைவிடப் புதிய கொடுமை, நிறுத்தியதோடு விடாமல் அழித்துவிடுவது. 2022-இல் எச்.பி.ஓ. மேக்ஸ் தன் தளத்திலிருந்து 'இன்ஃபினிட்டி ட்ரெய்ன்' என்ற அசைவூட்டத் தொடரை நீக்கியது. டிஸ்னியின் 'வில்லோ' 2022 நவம்பரில் வந்து, 2023 மார்ச்சில் நின்று, மே மாதம் தளத்திலிருந்தே காணாமல் போனது. பயன்படாத சொத்து என்று எழுதித் தள்ளினால் வரி மிச்சம். தளத்தில் இல்லாததற்குக் கலைஞர்களுக்கு மறு ஒளிபரப்புத் தொகையும் தர வேண்டாம். 'ஃபயர்ஃப்ளை'யைக் காப்பாற்றிய டிவிடி போன்ற ஒன்று 'வில்லோ'வுக்கு இல்லை.

2023-இல் மறுபடி வேலைநிறுத்தம் செய்த எழுத்தாளர் சங்கம் பெற்றவற்றுள் ஒன்று, பெரிய செலவில் எடுக்கப்படும் ஓடிடி தொடர்கள் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டன என்ற தகவல். அதையும் ரகசியமாகவே சங்கத்திடம் தருவார்கள். அந்த டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் தானாகவே, 18,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளின் அரையாண்டுப் பார்வை நேரத்தை வெளியிட்டது. தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்ற எண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.