பெயரடைவில் தொலைந்தவர்கள்

முதுகலை மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டில், "இந்நூல் வெள்ளிவீதியாரைக் கண்டுகொள்ளவில்லை" என்று எழுதி வந்தாள். அவள் குறை சொன்ன நூல், சங்கப் பெண்பாற் புலவர்கள் பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பு. அதில் என் கட்டுரையும் உண்டு. வெள்ளிவீதியாரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். "பெயரடைவில் இல்லையே அம்மா" என்றாள்.

எடுத்துப் பார்த்தோம். வெண்ணிக் குயத்தியார், அடுத்து வெறிபாடிய காமக்கண்ணியார், அதற்கும் கீழே வெள்ளிவீதியார். ளகரம் முன், றகரம் பின் என்று படித்தவள் அவள். றகரத்தைக் கண்டதும், தேடிய பெயர் இல்லை என்று மூடிவிட்டாள். தவறு அவளுடையதல்ல.

நம் நெடுங்கணக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. கணினியின் யூனிகோடு அட்டவணையோ, இந்திய எழுத்துகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி அமைப்பை ஒட்டியது. அதில் நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். பிறகு ல, ள, ழ, வ. அந்த எண்களை அப்படியே வைத்து அடுக்கினால் றகரம் ளகரத்தை முந்தும். புள்ளியின் இடம் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் என்பதால், அகராதியில் 'அக்கா'வுக்குப் பின் வரும் 'அகம்' இங்கே முன்னால் வந்து நிற்கும்.

ஔவையாரின் நிலை இன்னும் மோசம். ஔகாரத்தை ஒரே எழுத்தாகத் தட்டச்சு செய்தவரின் கட்டுரையிலிருந்து வந்த ஔவை, ஓரம்போகியாருக்குப் பின். ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடித்தவரின் கட்டுரையிலிருந்து வந்த ஔவை, ஒக்கூர் மாசாத்தியாருக்குப் பின். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பக்க எண்கள்தான் பிரிந்துகிடக்கின்றன.

ஆண் புலவர்களும்தானே இடம் மாறுகிறார்கள் என்று கேட்கலாம். மாறுகிறார்கள். ஆனால் கபிலர் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. நூலை எங்கே திறந்தாலும் எதிர்ப்படுவார். வெண்ணிக் குயத்தியாருக்குக் கிடைத்திருப்பது புறநானூற்றின் 66ஆம் பாடல் ஒன்றே. ஒரு பாடல், பெயரடைவில் ஒரு வரி. அந்த வரி இடம் மாறினால் அவரைத் தேடி வருபவளுக்கு வேறு வழியில்லை. பெண்பாற் புலவர்களில் பலர் இப்படி ஓரிரு பாடல்களால் மட்டுமே அறியப்படுபவர்கள்.

தமிழுக்கு உரிய வரிசை விதிகள் கணினிக்கும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தச் சொல்லவும், பிறகு ஒருவர் விரல்வைத்துப் படிக்கவும் வேண்டும். நூல் தயாரிப்பில் பெயரடைவு கடைசி வேலை, அவசர வேலை. அதன் மெய்ப்பு எனக்கும் வந்தது. எழுத்துப்பிழை பார்த்தேன், வரிசையைப் பார்க்கவில்லை. விடுபட்ட பெண்களை மீட்பதாக எங்கள் முன்னுரை சொல்கிறது. மீட்டவர்களைக் கடைசிப் பக்கங்களில் நாங்களே தொலைத்திருக்கிறோம்.

மாணவி அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, வெள்ளிவீதியாருக்கு அரைப் பக்கம் எழுதினாள். என் பிரதியில் வரிசையைப் பென்சிலால் திருத்தி, பதிப்பாளருக்கு நகல் அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பு வரும்வரை இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெயரடைவில் ஒருத்தியைக் காணவில்லையென்றால், அந்த எழுத்தின் கீழுள்ள பெயர்கள் முழுவதையும் படித்துவிட்டு மூடுங்கள்.