பூட்டுக்குக் கேட்கும் கேள்வியை மடிக்கணினிக்கும் கேளுங்கள்

திண்டுக்கல்லில் பூட்டு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? முதலில் பூட்டைக் கையில் வாங்கி எடை பார்க்கிறார். "எத்தனை லீவர்?" என்று கேட்கிறார். சாவியைப் போட்டு இரண்டு முறை திருப்பிப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறார். லீவர் என்பது பூட்டுக்குள் இருக்கும் தகடு. சாவியின் வெட்டு ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தகடுகள் கூடக் கூட, கள்ளச்சாவி போடுவது கடினம். வெளியே தெரியாத இந்த உறுப்பைப் பற்றி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்டுத்தான் வாங்குவார்.

அதே வீட்டார் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து மகளுக்கு மடிக்கணினி வாங்கும்போது என்ன கேட்கிறார்கள்? "புது மாடல்தானே?" அவ்வளவுதான்!

புது மாடல் என்றால் பழையதைவிட எல்லா வகையிலும் மேலானது என்று நாம் நம்பிவிடுகிறோம். உண்மை அப்படியல்ல. பொறியியலில் ஒன்றைப் பெற வேண்டுமானால் இன்னொன்றை விட்டுக் கொடுக்க வேண்டும். கேள்வி இதுதான்: விட்டுக் கொடுத்தது எது? அதனால் லாபம் யாருக்கு?

குறைவெல்லாம் குறையல்ல

பத்து ஆண்டுகளுக்கு முன் விற்ற மடிக்கணினிகளில் 500 அல்லது 1,000 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க் இருந்தது. இன்றைய மாடல்கள் பலவற்றில் 256 ஜிகாபைட்தான். இது ஏமாற்று வேலையா? இல்லை. ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு சுழல வேண்டும். படிக்கும் முனை நகர்ந்து உரிய இடத்தைத் தேட வேண்டும். இதற்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் சுழலும் பகுதியே கிடையாது. தேடும் நேரம் அதைவிடப் பல மடங்கு குறைவு. மேசையிலிருந்து கீழே விழுந்தாலும் தாங்கும் வாய்ப்பு அதிகம். இடம் குறைந்தது, வேகமும் உறுதியும் கூடின. இது நேர்மையான பண்டமாற்று.

ஒரு குழாயா, இரண்டு குழாயா?

இனி வேறு வகையைப் பாருங்கள். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 'மேக்புக் ஏர்' கணினியின் 256 ஜிகாபைட் மாடலில் இரண்டு சேமிப்புச் சில்லுகள் இருந்தன. 2022-இல் வந்த அடுத்த மாடலில் அதே 256 ஜிகாபைட்டை ஒரே சில்லில் அடைத்துவிட்டார்கள். இரண்டு குழாயில் தண்ணீர் பிடித்தால் குடம் விரைவில் நிரம்பும். ஒரு குழாயை மூடிவிட்டால்? சோதித்துப் பார்த்தவர்கள், படிக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டதைக் கண்டார்கள். செயலி புதியது, விலையும் கூடியது. ஆனால் இந்த ஒரு பகுதி பழையதைவிட மெதுவானது. இரண்டு பெட்டிகளின் மேலும் எழுதியிருந்தது '256' என்ற அதே எண்தான். இது பரவலாகப் பேசப்பட்டது. 2024-இல் வந்த மாடலில் மீண்டும் இரண்டு சில்லுகளைக் காண முடிந்தது.

அதே நிறுவனம் 2015-இல் தடிமனைக் குறைப்பதற்காக மிக மெல்லிய விசைப்பலகை ஒன்றைப் புகுத்தியது. நுண்ணிய தூசி புகுந்தாலே விசைகள் சிக்கிக் கொண்டன. 2019 இறுதியில் பழைய வகைக்குத் திரும்பத் தொடங்கினார்கள். செம்மண் புழுதி பறக்கும் நம் ஊர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது அல்லவா?

திறக்க முடியாத பெட்டி

ஆனால், வாசகர்களே, வேகம் குறைவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது பழுது பார்க்கும் வசதி.

லெனோவோவின் 'திங்க்பேட் டி480' 2018-இல் வந்தது. அதன் வெளிப்புற பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம்; 'ராம்' எனப்படும் நினைவகத்துக்கு இரண்டு செருகுமிடங்கள் இருந்தன. மறு ஆண்டில் வந்த 'டி490' மாடலில் கழற்றும் பேட்டரி போயிற்று. நினைவகத்தில் ஒரு பகுதி தாய்ப்பலகையோடு ஈயப்பற்று வைத்து இணைக்கப்பட்டது; மிஞ்சியது ஒரே செருகுமிடம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் அந்த ஒன்றும் கிடையாது.

உற்பத்தியாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஈயப்பற்று வைத்த நினைவகம் செயலிக்கு மிக அருகில் அமர்கிறது. மின்குறிகள் செல்லும் பாதை குறுகுவதால் வேகம் கூடும், மின்சாரமும் மிச்சமாகும். கணினி மெலிகிறது, எடை குறைகிறது. விமானத்தில் பறந்து பறந்து வேலை செய்பவருக்கு இது வரம்தான்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு? 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, பல வீடுகளுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்து சேர்ந்தது. அக்காள் படித்து முடித்ததும் அது தம்பிக்குப் போகும். மூன்றாண்டில் மாற்றுவதற்கு நாம் கணினி வாங்குவதில்லை. ஏழெட்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதற்குள் இரண்டு சிக்கல்கள் வந்தே தீரும். ஒன்று, 8 ஜிகாபைட் நினைவகம் புதிய மென்பொருள்களுக்குப் போதாமல் போகும். செருகுமிடம் இருந்தால் ஒரு நினைவகப் பட்டையின் விலையோடு வேலை முடிந்தது. ஈயப்பற்று என்றால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும். அதற்குப் புதுக் கணினியே வாங்கிவிடலாம் என்று தோன்றும். இரண்டாவது, பேட்டரி தளரும். லித்தியம்-அயான் பேட்டரி வெப்பத்தில் விரைவில் மூப்படையும். நம் சித்திரை வெயில் அதற்குப் பகை. அதைப் பசை போட்டு ஒட்டிவைத்தால், மாற்றுவதற்குள் மற்ற பாகங்கள் உடையக்கூடும்.

கேட்டால் கிடைக்கும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, இயந்திரத்தில் செய்த மலிவான அலிகார் பூட்டுகள் சந்தையை நிரப்பிவிட்டன. லீவரை எண்ணுவதை விட்டு விலையை மட்டும் பார்ப்பவர்கள் பெருகியதும் கைவினைப் பட்டறைகள் நலிந்தன. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ, அதைத்தான் சந்தை தரும்.

இது மறுபுறமும் உண்மை. 2024-இல் வந்த ஐந்தாம் தலைமுறை 'திங்க்பேட் டி14' மாடலில் இரண்டு செருகுமிடங்களும் திரும்பி வந்தன. வேகமும் வேண்டும், மாற்றவும் வேண்டும் என்பதற்கு விடையாக, திருகாணியால் பொருத்தும் 'காம்2' என்னும் நினைவகத் தரம் 2023 டிசம்பரில் வெளியாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய விதிப்படி, 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் நீங்கலாக, இத்தகைய கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஆக, 'முடியாது' என்பது இயற்கையின் விதியல்ல. விற்பவர் எடுத்த முடிவு.

எனவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நினைவகத்துக்குக் காலியான செருகுமிடம் உண்டா? எஸ்.எஸ்.டி.யை மாற்றலாமா? பேட்டரி திருகாணியில் நிற்கிறதா, பசையிலா? ஐந்தாண்டு கழித்து உதிரிப் பாகம் நம் ஊரில் கிடைக்குமா?

கடைக்காரர் முதலில் விழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே விடை சொல்வார். "எத்தனை லீவர்?" என்று கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தக் கேள்வியை மடிக்கணினிக் கடையிலும் கேட்போம்.