சி நிரலுக்குள் லுவா: பதித்தலின் பயனும் விலையும்

சி மொழியில் எழுதிய நிரல், இயந்திரக் கட்டளைகளாகத் தொகுக்கப்பட்ட பின், அதிலுள்ள ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் மூலநிரலைத் திருத்தி மீண்டும் தொகுத்தாக வேண்டும். இந்த இறுக்கத்தைத் தளர்த்தவே, ஸ்கிரிப்ட் எனப்படும் சிறுநிரலை அவ்வப்போது படித்து இயக்கும் இன்டர்பிரெட்டரைச் சி நிரலுக்குள் பதிக்கும் வழக்கம் தோன்றியது. 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவா இதற்கென்றே ஆன மொழி. பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தில் அதை முதலில் கையாண்டவர்களுள் பலர் நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாத பொறியாளர்கள்.

மலேசியாவின் கேமரன் மலையில், 1929இல் நிறுவப்பட்ட போ தோட்டம் போன்றதொரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறிகளை ஆள ஒரு கருவி அமைவதாகக் கொள்வோமானால், ஈரப்பதத்தை அளப்பதும் விசிறியைச் சுழற்றுவதும் எளிதில் மாறாத வேலைகளாதலால் அவை சி மொழியில் இருப்பதே முறை. மழையில் நனைந்த கொழுந்துக்கு எவ்வளவு நேரம் காற்று, எப்போது வெப்பக்காற்று என்பனவோ நாளுக்கு நாள் மாறுபவை; அவற்றை அறிந்தவர் தொழிற்சாலை மேற்பார்வையாளரேயன்றி நிரலாளர் அல்லர். அறிவு உள்ளவர் கையிலேயே விதியும் இருக்கச் செய்வதுதான் பதித்தலின் தலையாய சிறப்பு. லுவாவின் மூலநிரல் ஏறத்தாழ 30,000 வரிகளே ஆதலால் சிறு கருவியும் அதைத் தாங்கும்.

இடர்ப்பாடு இரு மொழிகளும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. அவை மதிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் இடம் ஸ்டாக் எனப்படும் அடுக்கு. அதில் வைத்ததை எடுக்க மறந்தால் அடுக்கு வளர்ந்துகொண்டே போய், தொடக்கச் சோதனையில் தெரியாத பழுது நாள்பட வெளிப்படும். பிழையைத் தடுத்து நிறுத்தும் 'பிகால்' என்னும் காப்பு அழைப்பின்றி விதியை இயக்கினால், எண் இருக்க வேண்டிய இடத்தில் 'நில்' என்னும் வெறுமை வந்தாலே முழு நிரலும் நின்றுவிடும். காற்றில்லாத தொட்டியில் குவிந்த கொழுந்து சூடேறிச் சிவந்து கெடும்.

பாதுகாப்புக் குறை இதனினும் கடியது. 2012 முதல் லுவாவைப் பதித்து வரும் ரெடிஸ் தரவுதளத்தில், ஏறத்தாழ 13 ஆண்டுகள் மறைந்திருந்த நினைவகப் பிழையொன்று 2025 அக்டோபரில் வெளிவந்தது. ஸ்கிரிப்ட் அனுப்பும் உரிமை பெற்ற ஒருவர் அதன் வழியே சர்வரையே கைப்பற்றக்கூடும் என்பதால், அபாய அளவுகோலில் அதற்கு உச்சமான 10 புள்ளி தரப்பட்டது.

ஆகவே, மாறுபவை சில எண்கள் மட்டுமே என்றால் அமைவுக் கோப்பு ஒன்றே போதும், பதித்தல் வீண் சுமை. விதிகளே மாறுபவையாய், எழுதுபவர் நம்பிக்கைக்குரியவராய் இருக்குமிடத்தில் காப்பு அழைப்புடனும், ஸ்கிரிப்ட் எவ்வளவு ஓடலாம் என்னும் இயக்க வரம்புடனும் பதிப்பது தகும். வெளியார் அனுப்பும் ஸ்கிரிப்டுகளையோ சி நிரலுக்குள் விடாமல், தனி நிரலாகப் பிரித்து இயக்க வேண்டும்.